ழகரத்தைக் கேட்கும் கருவி: குரல் பதிவும் ஒலிவாங்கித் தேர்வும்



மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் ஒலிவாங்கியைப் பற்றி ஓர் உரையா என்று அறிவிப்பைக் கண்ட அன்பர் சிலர் எங்களிடம் வினவினர். இலக்கணம் பேசலாம், காப்பியம் பேசலாம், பிழையின்றி எழுதும் முறை பேசலாம். இசைக்கூடத்தில் தொங்கும் ஒரு கருவியைப் பற்றி மொழி ஆசிரியர்களிடம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்களது ஐயம். அந்த ஐயத்திற்கு விடையாக, எங்களுக்கு நேர்ந்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், செலாயாங் வட்டாரத்து அடுக்ககம் ஒன்றில் மகன் வீட்டில் வாழ்ந்திருந்த ஒரு மூதாட்டியின் பாடல்களைப் பதிவு செய்தோம். பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்து, விடியலுக்கு முன் மரம் சீவப் போய், ஆறு பிள்ளைகளைத் தாலாட்டி வளர்த்தவர் அவர். தாலாட்டும் ஒப்பாரியும் அவருக்கு மடை திறந்தாற்போல் வந்தன. இரண்டு பிற்பகல்கள் அவரை ஒரு சிறு மண்டபத்திற்கு அழைத்து வந்து பாட வைத்தோம். துத்தநாகக் கூரை, தலைக்கு மேல் சுழலும் காற்றாடி, நடுவே ஒரு பெரிய மேசை, அதன்மேல் குட்டைத் தாங்கியில் ஒலிவாங்கி. "பாட்டி, பாடுங்கள்" என்றோம். அவர் பாடினார். கேட்டு மகிழ்ந்தோம், வீடு திரும்பினோம்.

பாடல்களை எழுத்தில் வடிக்கும் பொறுப்பை மாணவர் இருவரிடம் அளித்தபோதுதான் குறை வெளிப்பட்டது. ஒரே அடியில் ஒருவர் 'தழை' என எழுதியிருந்தார். மற்றவர் 'தளை' என எழுதியிருந்தார். பொருளை வைத்து எது சரியென முடிவு செய்துவிடலாம். ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்தது வேறொன்று. இந்நாட்டுப் பேச்சுத் தமிழில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிட்டது. பாட்டியின் பெற்றோர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவர்களிடம் கேட்டுக் கற்ற பாடலில் அவர் ழகரத்தைக் காத்து வைத்திருந்தாரா, இல்லையா? பதிவைப் பலமுறை ஓட விட்டோம். காற்றாடியின் இரைச்சலுக்கும் மண்டபத்தின் எதிரொலிக்கும் இடையே அந்த ஒலி எங்களுக்குப் பிடிபடவில்லை. மீண்டும் கேட்டுத் தெளியலாம் என்று எண்ணிய வேளையில் பாட்டி மறைந்துவிட்டார்.

பாடல் எஞ்சியது, பாடியவரின் எழுத்து எஞ்சவில்லை. இன்றைய உரை அந்த இழப்பிலிருந்து பிறந்தது.

கருவியின் வரலாறு

ஒலிவாங்கிகளில் இரு பெருங்குடும்பங்கள் உண்டு. மேடையில் பாடகர் கையில் ஏந்துவது பெரும்பாலும் டைனமிக் வகை. அதில் காந்தப் புலத்தினுள் ஒரு கம்பிச்சுருள் அசைந்து மின்னோட்டத்தை எழுப்புகிறது. பதிவுக்கூடங்களில் காண்பது கண்டென்சர் வகை. தமிழில் மின்தேக்கி ஒலிவாங்கி என்கிறோம். சில மைக்ரான் தடிமனே உள்ள, பொன் பூசிய ஒரு சவ்வு. அதன் பின்னே மயிரிழை இடைவெளியில் ஓர் உலோகத் தகடு. குரலின் அழுத்தத்திற்கேற்பச் சவ்வு அசையும்போது இரண்டிற்கும் இடையேயான மின்தேக்கம் மாறுகிறது. 1916இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஈ. சி. வென்டே இதனை உருவாக்கினார்.

இவ்வாறு பிறக்கும் மின்குறிப்பு மிக நலிவானது. நீண்ட கம்பியில் செலுத்தினால் வழியிலேயே அழிந்துவிடும். ஆகவே சவ்வுக்கு அருகிலேயே அதனைப் பெருக்கியாக வேண்டும். அக்காலத்தில் பெருக்குவதற்கு இருந்த ஒரே பொருள் வெற்றிடக் குழல். வீட்டு வானொலிப் பெட்டியில் 'வால்வு' சூடேறும்வரை காத்திருந்து செய்தி கேட்டவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அதே வால்வுதான் ஒலிவாங்கியின் உடலுக்குள்ளும் ஒளிர்ந்தது.

1928இல் பெர்லினில் ஜார்ஜ் நாய்மன் தொடங்கிய நிறுவனம், புட்டி போன்ற உருவங்கொண்ட சிஎம்வி 3 என்னும் ஒலிவாங்கியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அதே நிறுவனத்தின் யு 47, 1949இல் வந்தது. அதன் சிறப்பு, ஒரு திருகைத் திருப்பினால் ஒலி ஏற்கும் கோலம் மாறும் என்பது. முன்பக்கத்தை மட்டும் கேட்கலாம். அல்லது எல்லாப் பக்கமும் கேட்கலாம். 1953இல் வியன்னாவின் ஏகேஜி நிறுவனம் சி 12ஐ வெளியிட்டது. அதில் கோலத்தை மாற்றும் திருகு தனிப் பெட்டியில் இருந்தது. ஒன்பது நிலைகளில் ஒன்றைத் தொலைவிலிருந்தே தேர்ந்துகொள்ளலாம். 1960இல் வந்த யு 67 மூன்று கோலங்களைக் கொண்டது. 1967இல் வந்த யு 87இல் வால்வுக்கு மாற்றாகத் திரிதடையம், அதாவது டிரான்சிஸ்டர், இடம்பெற்றது. வால்வின் காலம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆயினும் 2018இல் யு 67 மீண்டும் உற்பத்திக்கு வந்தது. வால்வின் குரலுக்கு 'வெதுவெதுப்பு' உண்டு என்னும் புகழ் அத்துணை வலியது.

அந்தப் புகழில் உண்மை எவ்வளவு? குரல் உரக்க எழும்போது வால்வு அதனுடன் மெல்லிய மேற்சுரங்களைச் சேர்க்கிறது. செவிக்கு அது இனிமையாகப்படலாம். இயல்பான பேச்சின் அளவில் அந்தச் சேர்க்கை மிகச் சிறிது. நாம் 'வால்வின் குரல்' என்று வியப்பதில் பெரும்பங்கு, சவ்வின் அமைப்பாலும் உள்ளிருக்கும் மின்மாற்றியாலும் வருவது. திரைப்பாடலுக்கு எந்தக் குரல் இனிமை என்பது சுவை பற்றியது. அதில் நாங்கள் தலையிட மாட்டோம். மொழிப் பதிவுக்கு வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் பதிவில் எழுத்து எழுத்தாகக் கேட்கிறதா?

தமிழ் எழுத்துகள் ஒலிவாங்கியிடம் கேட்பவை

எழுத்துகளின் பிறப்பை ஆராய்ந்த முன்னோர் நமக்கு வழிகாட்டிகள். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியல், ஒவ்வோர் ஒலியும் வாயினுள் எங்கே, எவ்வாறு பிறக்கிறது என்று வகுக்கிறது. அதில் ஒரு நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ழகரத்தை ளகரத்துடன் அது சேர்க்கவில்லை. நுனிநா மேல்நோக்கிச் சென்று அண்ணத்தை வருடப் பிறப்பவை என்று ரகரத்தையும் ழகரத்தையும் ஓரிணையாக வைக்கிறது. நாவிளிம்பு தடித்து அண்ணத்தோடு பொருந்தப் பிறக்கும் லகரமும் ளகரமும் மற்றோரிணை.

1999இல் நாராயணன், பேர்ட், கான் ஆகிய மூவர், அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்து ஒலிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். காந்த அதிர்வுப் படங்களைக் கொண்டு நாவின் வடிவை அளந்தனர். ளகரத்தில் காற்று நாவின் பக்கங்களில் வழிகிறது. ழகரத்தில் நாவின் நடுவே செல்கிறது. பிறப்பியல் பிரித்த இடத்தில்தான் படமும் பிரிக்கிறது.

இந்த வேறுபாடு காதுக்கு எப்படி வந்து சேர்கிறது? நாம் உயிரொலியை எழுப்பும்போது வாய்க்குழி சில அதிர்வெண்களை மட்டும் மேலோங்கச் செய்கிறது. இவற்றை ஒத்திசை முகடுகள் எனலாம். சராசரி ஆணின் வாய்க்குழி நெருக்கமின்றி இயல்பாகத் திறந்திருக்கும்போது முதல் மூன்று முகடுகளும் ஏறத்தாழ 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அளவில் அமையும். ழகரம் ஒலிக்கும்போது மூன்றாம் முகடு கீழிறங்கி இரண்டாவதை நெருங்கிவிடுகிறது. லகரத்தில் அது அவ்வாறு இறங்குவதில்லை. நாவை மடித்து ஒலிக்கும் ளகர ணகரங்களின் அடையாளமும் பெரும்பாலும் இதே பகுதியில், அயல் உயிர் சரிந்து செல்லும் போக்கில் இருக்கிறது. ஆகவே 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான அந்தக் குறுகிய நிலப்பரப்புதான் 'தலை, தளை, தழை' ஆகிய மூன்றும் தம்முள் வேறுபடும் களம்.

இப்போது பாட்டியின் பதிவுக்குத் திரும்புவோம். மேசைக்கு மேல் அவரது வாய் 30 செ.மீ. உயரத்தில் இருந்தது எனக் கொள்க. ஒலிவாங்கி 10 செ.மீ. உயரத்தில், அவரிடமிருந்து அரை மீட்டர் தள்ளி இருந்தது. அவரது குரல் ஒலிவாங்கிக்கு இரு வழிகளில் சென்றது. ஒன்று நேர்வழி, ஏறத்தாழ 54 செ.மீ. மற்றொன்று மேசையில் பட்டுத் தெறித்த வழி, ஏறத்தாழ 64 செ.மீ. இவ்விரண்டுக்கும் 10 செ.மீ. வேறுபாடு. ஒலியின் அலைநீளத்தில் பாதி 10 செ.மீ. ஆகும் இடத்தில் இரு அலைகளும் ஒன்றையொன்று அழிக்கும். அந்த இடம் ஏறத்தாழ 1700 ஹெர்ட்ஸ். ழகரத்தின் மூன்றாம் முகடு வந்திறங்கும் வட்டாரத்திலேயே நாங்கள் மேசையைக் கொண்டு ஒரு பள்ளம் தோண்டியிருந்தோம். பத்து மடங்கு விலையுள்ள கருவியை அதே இடத்தில் வைத்திருந்தாலும் அதே பள்ளம் விழுந்திருக்கும். ஆசிரியர்கள் இந்தக் கணக்கை வகுப்பறையில் செய்து காட்டலாம். பித்தகோரஸ் தேற்றம் தெரிந்தால் போதும்.

கருவிகளின் குறையால் தமிழொலி இழந்தவை பல உண்டு. 1913 முதல் 1929 வரை, ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்புக்காக மொழிகளும் வட்டார வழக்குகளும் கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்யப்பட்டன. தமிழும் அவற்றுள் ஒன்று. 1925இல் மின்முறைப் பதிவு வரும்வரை உலகெங்கும் தட்டுப் பதிவுக்குப் பயன்பட்டது பெரிய ஊதுகுழாய். அதன் வழியே ஏறத்தாழ 2500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் மிகச் சிறிதே சென்றன. அக்காலத்தவருக்கு வேறு வழியில்லை. நமக்கு வழியுண்டு, அதனால் நம் பிழைக்கு மன்னிப்பும் குறைவு.

மூன்று கோலங்கள், மூன்று இருக்கைகள்

பல கோலம் காட்டும் ஒலிவாங்கியின் உள்ளே பெரும்பாலும் இரண்டு சவ்வுகள் முதுகோடு முதுகாக அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் தன் முன்பக்கத்தை நன்கு கேட்கும், பின்பக்கத்தை விலக்கும். பின்சவ்வுக்கு மின்னழுத்தம் தராவிட்டால் முன்சவ்வு மட்டும் கேட்கும். அது இதய வடிவம். முன்சவ்வுக்கு நிகரான அழுத்தத்தைத் தந்தால் இரண்டும் கூடி எல்லாப் பக்கமும் கேட்கும். அது முழுவட்ட வடிவம். எதிரான அழுத்தத்தைத் தந்தால் பக்கங்களில் ஒன்றையொன்று கழித்து, முன்னும் பின்னும் மட்டும் கேட்கும். அது எட்டு வடிவம். தனிப்பெட்டியின் திருகு செய்யும் வேலை இதுதான்.

இதய வடிவம், ஒருவர் தனித்துப் படிக்கும்போது உதவும். அதன் செவிடு நேர் பின்னால் இருக்கிறது. எனவே குளிர்சாதனப் பெட்டியோ சாலைப் பக்கச் சன்னலோ ஒலிவாங்கியின் முதுகுப்புறம் இருக்குமாறு படிப்பவரை அமர்த்த வேண்டும். ஆனால் வாய் மிக நெருங்கினால் கீழ்ச்சுரம் வீங்கிக் குரல் கனத்துவிடும். வானொலி அறிவிப்பாளர்கள் சிலர் இந்தக் கனத்தை விரும்பிப் பயன்படுத்துவர். மொழிப் பதிவில் அது மெல்லின இடையினங்களின் தெளிவை மூடிவிடும். ஒரு சாண் தொலைவுக்குக் குறையாமல், ஒன்றரைச் சாண்வரை இருத்தல் நலம்.

முழுவட்ட வடிவத்தில் இந்த வீக்கம் மிகக் குறைவு. பேசுபவர் தலையைத் திருப்பினாலும் குரலின் நிறம் பெரிதும் மாறாது. பகரத்தின் மூச்சு வெடிப்பையும் அது பொறுத்துக்கொள்ளும். கும்மியோ கோலாட்டமோ பாடும் பெண்களைச் சுற்றி நிறுத்திப் பதிவு செய்ய இது ஏற்றது. ஆனால் அறையின் எதிரொலியையும் அது முழுமையாக ஏற்கும். அதே தெளிவைப் பெற, இதய வடிவத்தில் 1.7 அடி தள்ளி நிற்கலாம் என்றால், இதில் 1 அடியில் நிற்க வேண்டும். அமைதியான, துணிகள் நிறைந்த அறை கிடைத்தால் மட்டும் இதனை நாடுக.

எட்டு வடிவம்தான் எங்களுக்குப் பெரும் வியப்பை அளித்தது. பலரும் இதனைப் பயன்படுத்துவதேயில்லை. ஒலிவாங்கியைச் செங்குத்தாக நிறுத்தி, முன்னால் பாட்டியையும் பின்னால் கேள்வி கேட்கும் மாணவரையும் எதிரெதிரே அமர்த்தினால், இருவரும் கண்பார்த்துப் பேசலாம். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கும்போது முதியோரின் பேச்சு கூச்சமின்றி வருகிறது. அத்துடன் இந்தக் கோலத்தின் செவிடு இடம், வலம், மேல், கீழ் என ஒரு தட்டையான தளமாகப் பரந்திருக்கிறது. நேர் மேலே சுழலும் காற்றாடியும் பக்கச் சுவர்களும் அதில் அடங்கிவிடுகின்றன. மேசையிலிருந்து தெறிக்கும் ஒலியும் ஓரளவு தளர்கிறது. பாட்டியின் பதிவை நாங்கள் இப்படிச் செய்திருக்கலாம். ஒரு எச்சரிக்கை: நெருங்கினால் கீழ்ச்சுரம் வீங்கும் குறை இதில் இதய வடிவத்தைவிட மிகுதி. இருவரும் இரண்டு சாண் விலகியே அமர வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

இனி, வாங்குவது பற்றி. முன் சொன்ன யு 67 போன்ற கருவியின் விலை, நம் நாட்டுச் சிறிய கார் ஒன்றின் விலையை நெருங்கும். அதைவிடப் பன்மடங்கு மலிவான வால்வு ஒலிவாங்கிகளும் இன்று கிடைக்கின்றன. பள்ளியோ மன்றமோ பணம் செலவிடும் முன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, கருவியின் சொந்த இரைச்சல் எவ்வளவு? விவரத்தாளில் இது டெசிபெல் அளவில் குறிக்கப்பட்டிருக்கும். வால்வு வகையில் பெரும்பாலும் இது 10 முதல் 20 வரை இருக்கும். நல்ல திரிதடையக் கருவிகள் 10க்கும் கீழே செல்கின்றன. ரோடு நிறுவனத்தின் என்டி1 வெறும் 4.5 எனக் குறிக்கிறது. மெலிந்த குரலில் பாடும் முதியவரைப் பதிவு செய்ய இந்த எண், வால்வா திரிதடையமா என்பதைவிட முதன்மையானது.

இரண்டாவது, எத்தனை கோலங்கள்? உங்கள் பணி வகுப்பறைப் பாடங்களைப் படித்துப் பதிவதே என்றால் இதய வடிவம் ஒன்றே போதும். உரையாடலும் குழுப்பாடலும் உண்டு என்றால் மூன்றும் வேண்டும். ஒன்பது நிலை காட்டும் திருகுக்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

மூன்றாவது, வால்வு பழுதானால் மாற்று கிடைக்குமா? யு 47க்கு உயிராயிருந்த விஎஃப் 14 என்னும் வால்வின் உற்பத்தி நின்றதும் அந்தக் கருவியின் காலமும் முடிவுக்கு வந்தது. கடையில் எளிதில் கிடைக்கும் வால்வைக் கொண்ட கருவியே பள்ளிக்கு உகந்தது.

நான்காவது, உங்கள் நாவுக்கு அது பொருந்துகிறதா? இதற்கு விவரத்தாள் விடை சொல்லாது. கடைக்குச் செல்லும்போது ஒரு சொற்பட்டியலைக் கையோடு கொண்டு செல்லுங்கள். வலி, வளி, வழி, தலை, தளை, தழை, மனம், மணம், கனை, கணை, அரம், அறம், கரி, கறி. இவற்றை ஒருவர் வரிசை மாற்றிப் படிக்கப் பதிவு செய்யுங்கள். படித்ததைக் காணாத மற்றொருவர், செவிபேசியில் கேட்டு எழுதட்டும். எந்தக் கருவியில் பிழை குறைகிறதோ அதுவே உங்களுக்கு உரியது. ரகர றகர வேறுபாடு இன்று பலர் பேச்சில் மறைந்துவிட்டதால், படிப்பவர் அதனை உண்மையாகவே ஒலிக்கிறாரா என்பதை நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நா செய்யாததைக் கருவி காட்டாது.

இந்தச் சோதனையை நாங்களும் செய்தோம். பிரிக்ஃபீல்ட்ஸில் இசைக்கூடம் நடத்தும் நண்பர் ஒருவர் தம் வால்வு ஒலிவாங்கியை ஒரு நாள் இரவல் தந்தார். அதனை எங்கள் பழைய மண்டபத்தில் மேசைமேல் வைத்தும், எங்களிடமிருந்த எளிய திரிதடைய ஒலிவாங்கியை ஓர் உறுப்பினர் வீட்டுப் படுக்கையறையில் மெத்தைக்கும் துணி அலமாரிக்கும் இடையே வைத்தும், ஒரே ஆசிரியரை ஒரே பட்டியலைப் படிக்கச் செய்தோம். கேட்டெழுதிய மாணவர்கள் படுக்கையறைப் பதிவில்தான் குறைவாகத் தடுமாறினர். பிறகு வால்வு ஒலிவாங்கியையும் அதே படுக்கையறைக்குக் கொண்டு சென்றோம். அப்போது அதன் குரல் கேட்க மிக இனிமையாக இருந்தது. ஆனால் எழுத்துத் தெளிவில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது எங்களுக்கு அரிதாயிற்று. இதனை ஆய்வு என்று சொல்ல மாட்டோம். எங்கள் பணத்தை முதலில் எதில் செலவிட வேண்டும் என்பதை அது காட்டியது: தடித்த திரைச்சீலையில்.

கையாளும் முறை

கருவியைப் பெற்றபின் அதனைக் காக்கும் கடமை உண்டு. வால்வு ஒலிவாங்கிக்குத் தனி மின்பெட்டி உடன்வரும். கலவைப் பலகையிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம் இதற்குத் தேவையில்லை. அதனை அணைத்து வையுங்கள். எல்லாக் கம்பிகளையும் முதலில் இணைத்துவிட்டுப் பிறகே மின்பெட்டியை இயக்குங்கள். முடித்தபின் மின்பெட்டியை அணைத்துச் சிறிது நேரம் கழித்தே கம்பியைக் கழற்றுங்கள். உள்ளே உயர் மின்னழுத்தம் உண்டு. மாணவர் எவரும் அதன் உடலைத் திறக்கக் கூடாது. இயக்கியதும் பதிவைத் தொடங்காமல் அரை மணி நேரம் வால்வைச் சூடேற விடுங்கள். அந்த நேரத்தைப் பேசுபவருக்குத் தேநீர் கொடுத்து உரையாடப் பயன்படுத்தலாம். பாடுபவரின் தொண்டையும் அப்போதுதான் இளகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகை ஈரம். ஆண்டு முழுதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் ஊர் இது. மின்தேக்கிச் சவ்வில் ஈரம் படிந்தால் பொரி பொரிவது போன்ற ஒலி எழும். படக்கருவிக் கண்ணாடிகளை வைக்கும் உலர்பெட்டி ஒன்றில், 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் அதனை வைத்துக் காப்பது நன்று. அஃது இல்லையெனில் காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா மணிகளும் போதும். குளிரூட்டிய காரிலிருந்து இறக்கியதும் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்திருந்தால் அது அறையின் வெப்பத்தை எட்டும். சவ்வில் நீர் பூக்காது. வாய்க்கும் கருவிக்கும் இடையே பாப் ஃபில்டர் என்னும் மூச்சுத் திரையை வைப்பது பகரத்தின் வெடிப்பைத் தணிப்பதுடன் எச்சில் ஈரத்தையும் தடுக்கும்.

பதிவுக்குரிய வேளையையும் ஆய்ந்து தேர வேண்டும். செலாயாங் மொத்தச் சந்தையை நோக்கி லாரிகள் விரையும் வைகறை ஆகாது. இடிமழை இறங்கும் பிற்பகல் ஆகாது. இடைப்பட்ட முற்பகலே எங்களுக்கு வாய்த்த நல்வேளை. மேசையை அகற்றிவிட்டு, தரையில் நிற்கும் தாங்கியைப் பயன்படுத்துங்கள். மேசை தவிர்க்க முடியாததாயின் அதன்மேல் தடித்த போர்வையை விரியுங்கள். காற்றாடியை அணையுங்கள், பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஓய்வு கொடுத்து மீண்டும் சுழல விடுங்கள். முதியவரின் வசதி நம் பதிவைவிடப் பெரிது.

கோப்பினை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், சுருக்கப்படாத வடிவில் சேமியுங்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருள்களைக் கொண்டு மூலத்தைத் திருத்தாதீர்கள். அவை இரைச்சலோடு எழுத்தின் விளிம்பையும் அரித்துவிடும். திருத்த வேண்டுமானால் படியெடுத்துத் திருத்துங்கள். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பேசுபவரின் ஊர்வழி, கருவி, கோலம், தொலைவு ஆகியவற்றை வாயால் சொல்லிப் பதியுங்கள். பத்து நொடி அறையின் அமைதியையும் பதியுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கேட்பவருக்கு நாம் விட்டுச்செல்லும் முகவரி அதுவே.

நிறைவாக

1946இல் ரேடியோ மலாயா தொடங்கிய காலம்தொட்டு, இன்றைய மின்னல் எஃப்எம் வரை, வானொலியில் ஒலித்த நல்ல தமிழைக் கேட்டு நாவைத் திருத்திக்கொண்ட தலைமுறைகள் இந்நாட்டில் உண்டு. தோட்டத்து லயங்களில் ஒலித்த தமிழ் அவ்வளவாகப் பதிவாகவில்லை. அதனைப் பேசியவர்கள் இன்று எண்பதையும் தொண்ணூறையும் கடந்து, நம் அடுக்ககங்களின் சன்னலோரம் அமர்ந்திருக்கிறார்கள். நாடெங்கும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்தில் ஒரே ஒரு முதியவரை, ஓர் அமைதியான அறையில், மேசையின்றி, உரிய கோலத்தில் பதிவு செய்தாலும் ஐந்நூறு குரல்கள் சேரும்.

அதற்கு வால்வு ஒலிவாங்கி வேண்டுமா என்று கேட்பீர்களாயின், கிடைத்தால் மகிழ்ச்சியோடு பயன்படுத்துங்கள் என்போம். கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள் என்றும் சொல்வோம். முன்பணத்தைத் திரைச்சீலைக்கும் தாங்கிக்கும் செலவிடுங்கள். மிஞ்சும் பணத்தில் இரைச்சல் குறைந்த ஒரு கருவியை வாங்குங்கள். உரையாடல் பதிவு மிகுமானால் பல கோலக் கருவிக்கு உயருங்கள்.

எங்கள் பேழையில் அந்தப் பாட்டியின் பதிவு இன்னும் இருக்கிறது. அதன் மேலுறையில் மாணவர் எழுதிய 'தழை', 'தளை' இரண்டையும் அழிக்காமல் விட்டிருக்கிறோம். இன்று இந்த அவையிலிருந்து வீடு திரும்பும் மாணவர்கள், தம் வீட்டுப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் 'பழம்' என்று சொல்லும்போது நாக்கு எங்கே போகிறது என்று உற்றுக் கேளுங்கள். கேட்டபின், அடுத்த முற்பகலிலேயே ஒலிவாங்கியோடு அவர்கள் எதிரில் சென்று அமருங்கள்.